டீக்கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி

எங்கள் மெக்கானிக் சங்கத்துப் பிள்ளைகள் விடுவதாக இல்லை. ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதில் நான் ‘மஞ்சத்தூள் கேஸ்’ பற்றி எழுதித் தரவேண்டுமாம். நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த கூட்டத்திலேயே அந்தக் கதையை ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கையில் சோப்பைப் போட்டுப் பார்த்தே இன்ஜினின் நோயைக் கண்டுபிடித்தவர் எங்கள் மாணிக்கண்ணன் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை வேறு போட்டார்கள். நான் அந்தச் சால்வையின் நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெட்கத்தில்தான் தலை நிமிரவில்லை.

அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. அந்தப் பாதியை மட்டும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தால் இரண்டாவது முறையும் கைதட்டல் வாங்கியவனாக ஆகிவிடுவேன். அதனால் முழுதாகவே எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

திண்டுக்கல்லில் பழனி ரோட்டில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில்தான் என் காலம் முழுக்கப் போயிற்று. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் நட்டைக் கழற்று, மாட்டு, டீசலில் கழுவு, திட்டு வாங்கு என்று ஓடின. அதில் சொல்லும்படி எதுவும் இல்லை. சொல்லும்படியாக இருந்தவர் எங்கள் போர்மன் தங்கவேலு. ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள். ஒர்க்‌ஷாப் கூட்டுகிறவரிடம்கூட ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். ஸ்பேனர் கேட்டால் ‘ஏனுங்க, அந்த ஸ்பேனரச் செத்த குடுங்க’ என்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அப்படியே பேசிக் காட்டிச் சிரிப்போம். அவருக்கும் தெரியும். கண்டுகொள்ளமாட்டார்.

ரேடியேட்டர் தண்ணீரில் ஏதோ கலந்துவிட்டது என்று ஒரு வண்டி வந்தால் அவர் செய்கிற முறையை இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். இன்ஜினைக் குளிரவைக்கிற அந்தத் தண்ணீரைத்தான் கூலன்ட் என்கிறோம். மருந்து கலந்து பச்சையாகவோ சிவப்பாகவோ கண்ணாடி போலத் தெளிவாக இருக்கவேண்டும். அது குழம்பிப்போய் வந்தால் சாதாரண மெக்கானிக் என்ன சொல்வான்? ‘ஹெட் கேஸ்கட் போச்சு, ஆயில் கலந்துருச்சு, இன்ஜின் மண்டையைக் கழத்தணும்’ என்பான். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத்தான் மண்டை என்போம்; அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கிற தகடுதான் கேஸ்கட். தங்கவேலு அப்படிச் சொல்லவே மாட்டார். முதலில் வண்டியை ஆறவிடுவார். ஈரச் சாக்கை மடித்து மூடியின் மேல் போட்டு, அரைத் திருப்புத் திருப்பி, காற்றுப் போகிற சத்தம் அடங்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு கொஞ்சம் தண்ணீரை ஒரு டீ கிளாஸில் பிடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். எண்ணெய் என்றால் மேலே ஏறும். மண்ணும் துருவும் என்றால் அடியில் தங்கும். அப்புறம் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுக் காயவைப்பார். எண்ணெய் இருந்தால் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளைப்போல அந்த இடம் வெளிச்சம் காட்டும். அதற்குப் பிறகுதான் ஆயில் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். “பொறுங்க, பொறுங்க. தண்ணி தெளியட்டும்ங்க” என்பது அவர் பேச்சு.

எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு பழக்கம் அவருக்கு இருந்தது. அதை ஏதோ வேலைக்குச் சம்பந்தம் இல்லாத பழக்கம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஓனரும் டிரைவரும் சேர்ந்து வந்தால், ஓனரை ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் உட்காரவைப்பார். டிரைவரை, “வாங்க, ஒரு டீ சாப்பிட்டு வரலாம்ங்க” என்று எதிர்ப்புறத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வீட்டுக் கதை, மழை, தக்காளி விலை எல்லாம் பேசிவிட்டு, கிளாஸ் பாதியாகும்போதுதான் கேட்பார்: “கடைசியா யாருங்க தண்ணி ஊத்துனது?”

ஒருமுறை ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் ஒருவரின் கார் வந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய் ஆடை கட்டி நின்றது. ஓனர் முன்னால் கேட்டபோது அந்த டிரைவர் “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று சாதித்தார். டீக்கடைக்குப் போய்த் திரும்பியபோது தங்கவேலு விஷயத்தை வாங்கிவிட்டிருந்தார். பழைய ஆயில் கேனைக் கழுவாமல் அதில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார் டிரைவர். அம்புட்டுத்தான் விஷயம். இன்ஜினை நாங்கள் தொடவே இல்லை. ரேடியேட்டரை அலசி விட்டோம். ஓனர் என்ன கோளாறு என்று கேட்டதற்கு, “உள்ள அழுக்குங்க. கழுவி விட்டாச்சுங்க” என்றார் தங்கவேலு. பொய்யும் இல்லை, டிரைவர் பேரும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன், “ஏண்ணே, ஆபீஸ்லயே அதட்டிக் கேட்டா உண்மையச் சொல்லிர மாட்டானா?”

“வண்டி பயப்படாதுங்க மாணிக்கம். வண்டியோட வந்தவங்க பயந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. பயம் இல்லாத எடத்துல வச்சுக் கேட்டீங்கன்னா அவங்களே சொல்லிருவாங்க.”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு சரி.

அவருக்குப் பிறகு நான் போர்மன் ஆனேன். ஒர்க்‌ஷாப்பும் மாறியது. வாடிக்கையாளர் உட்கார ஏ.சி. போட்ட கண்ணாடி அறை வந்தது. அங்கேயே டீ மெஷின் வந்தது. டிரைவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு. எதிர்ப்புறத்துக் கடைக்கு யாரும் போகத் தேவை இல்லாமல் போயிற்று. எனக்கு ஒரு பேர் வேறு உண்டாகியிருந்தது. ‘மாணிக்கண்ணன் மூடியத் திறந்து பாத்தாலே சொல்லிருவாரு’ என்பார்கள். பத்துத் தடவையில் ஒன்பது தடவை சரியாகத்தான் சொன்னேன். ஒரு ஆள் கெட்டுப்போக அது போதாதா? டீ கிளாஸும் செய்தித்தாளும் எனக்குத் தேவையில்லை என்று ஆகிவிட்டது.

ரோஸ்லின் டீச்சரின் வண்டி வந்தது ஒரு கோடையில். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. டவுனில் அவரிடம் படிக்காத வீடு குறைவு. வண்டி அவர் கணவர் வாங்கிய பழைய டீசல் கார். அவர் இறந்த பிறகும் டீச்சர் அதை விற்கவில்லை. மாதா கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று டவுனுக்குள்ளேயே ஓடுகிற வண்டி. ஓட்டுகிறவர் காளியப்பன். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் கிராமம். டீச்சரின் கணவர் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருப்பவர். அன்று டீச்சரோடு அவர் மகன் பிரான்சிஸும் வந்திருந்தார். சென்னையில் பெரிய வேலை. லீவில் வந்திருந்தார்.

வண்டி கொதித்துப்போய் மெதுவாக உருண்டு வந்து நின்றது. ஆறவைத்து மூடியைத் திறந்தேன். சுற்றிலும் என் பையன்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பச்சைத் தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் களி. விரலில் தொட்டுத் தேய்த்தேன், வழுவழுவென்றிருந்தது. ஆயில் ஊற்றுகிற மூடியையும் கழற்றிப் பார்த்தேன். அதன் உட்புறம் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை. போதும் என்று தோன்றிவிட்டது. பக்கத்துத் தெருவுக்கும் மார்க்கெட்டுக்குமாக மட்டும் ஓடுகிற வண்டியில், இன்ஜின் சரியாகச் சூடேறாமல், வெறும் ஈரத்தாலேயே அந்த நுரை வரும். இதை என் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆயில் குச்சியை உருவிப் பார்த்திருந்தால் ஆயில் சுத்தமாக இருப்பது அப்போதே தெரிந்திருக்கும். உருவவில்லை.

“ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார். ஆயில் கலந்துருக்கு. தண்ணி கொறஞ்சது தெரியாம ஓட்டியிருக்காங்க” என்றேன்.

பிரான்சிஸ் திரும்பி காளியப்பனைப் பார்த்தார். “தினமும் தண்ணி பாக்குறது இல்லையா?”

காளியப்பன் ஒரு தரம் டீச்சரைப் பார்த்தார். உடனே பார்வையை இறக்கிக்கொண்டார். “தப்புத்தான் சார்.”

“அவன் தினமும் பாக்குறான். நானும் பாக்குறேன்” என்றார் டீச்சர்.

“அம்மா, நீங்க செத்த பேசாம இருங்க” என்றார் மகன்.

அந்த ஒரு பார்வையை நான் கவனித்தேன். கவனிக்காமல் இல்லை. குற்றம் செய்தவன் முழி என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். “இம்புட்டு வருசம் வண்டி ஓட்டுறீங்க, ஹீட் முள்ளப் பாக்கத் தெரியாதாய்யா?” என்று என் பங்குக்கு ஒன்று சொல்லியும் வைத்தேன். பையன்களில் ஒருவன் சிரித்தான். காளியப்பன் பெஞ்சில் போய் உட்காராமல், வண்டியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் இன்ஜின் மண்டையைக் கழற்றினோம். கேஸ்கட் புதுசு போல இருந்தது. எரிந்த தடம் இல்லை, கசிந்த தடம் இல்லை. இரும்பு அளவுகோலைப் படுக்க வைத்து விளக்கடித்துப் பார்த்தேன். மண்டை வளையவும் இல்லை. நல்ல இன்ஜினை நான் அனாவசியமாகப் பிரித்துப் போட்டிருக்கிறேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சாப்பாட்டு நேரத்துக்குக் குழாயடியில் கை கழுவப் போனேன். உள்ளங்கையில் அந்தக் களி காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது. டீசல் போட்டுத் துடைத்தும் போகவில்லை. துணி துவைக்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். கை சிவந்தது. கழுவ, மறுபடி மஞ்சள். சோப்புப் போட, மறுபடி சிவப்பு. அப்படியே நின்றுவிட்டேன். சாம்பார் சிந்திய வேட்டியில் சோப்புப் போட்டால் சிவக்குமே, என் வீட்டுக்காரி அதற்காக என்னை எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். மூன்று வேளையும் மஞ்சள் போட்ட வெஞ்சனம் தின்கிறவனுக்கு மஞ்சத்தூளைத் தெரியவில்லை. பச்சைக் கூலன்ட்டில் பல நாள் கிடந்து வெந்து, ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்து, துருவோடு சேர்ந்து களியாகியிருக்கிறது.

ரேடியேட்டர் லேசாக ஒழுகினால் மஞ்சத்தூள் போடுவது நம் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கைவைத்தியம். வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டில் இரண்டு ஸ்பூன் வாங்கிப் போடுவார்கள். தூள் ஊறி ஓட்டையை அடைக்கும். ஊர் வந்து சேர்ந்துவிடலாம். நான் அதன் பிறகுதான் டீ கிளாஸை எடுத்தேன். ஜன்னல் கட்டையில் வைத்தேன். மேலே ஒரு துளி எண்ணெய் ஏறவில்லை. அடியில் மஞ்சள் வண்டல் தங்கியது. ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தபோது குழாய்களுக்குள்ளிருந்து கட்டி கட்டியாக விழுந்தது. இரண்டு ஸ்பூன் இல்லை. ஒரு கல்யாண வீட்டுச் சமையலுக்குக் காணும்.

அந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும். வண்டியைத் தெரிந்த ஒரு டிரைவர் எதற்காக இம்புட்டு மஞ்சளைக் கொட்டப்போகிறார்? யோசிக்கவில்லை. எனக்கு வேறு அவசரம். பிரித்துப் போட்ட இன்ஜினுக்குப் பதில் சொல்லவேண்டும். அதைவிட, போன மரியாதையைத் திரும்ப வாங்கவேண்டும். பிரான்சிஸுக்குப் போன் போட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், கோளாறைக் கண்ணால் காட்டுகிறேன் என்றேன்.

கண்ணாடி அறையில் வைத்துத்தான் காட்டினேன். டீச்சர் நாற்காலியில், மகன் பக்கத்தில், காளியப்பன் கதவோரம். பையன்கள் எல்லோரையும் உள்ளே வரச் சொன்னேன், கற்றுக்கொள்ளட்டும் என்று. மேஜையில் கிளாஸை வைத்தேன். வெள்ளைத் துணியில் களியைத் தடவினேன். சோப்புத் தண்ணீரை விட்டேன். துணி சிவந்தது. “கேஸ்கட் இல்ல சார். ஆயில் இல்ல. மஞ்சத்தூள்” என்றேன். பையன்கள் ‘அண்ணே’ என்று வாயைப் பிளந்தார்கள். சங்கக் கூட்டத்தில் சொல்லப்பட்ட கதை இங்கே முடிந்துவிடும். என் வெட்கம் இங்கேதான் தொடங்குகிறது.

“யாரு போட்டது?” என்று கேட்டேன்.

“நான்தான் போட்டேன்” என்றார் காளியப்பன். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

“எங்க ஒழுகுச்சு?”

“வழியில.”

“எந்த வழியில? வண்டி டவுனைத் தாண்டலையே.”

அவர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரெண்டு ஸ்பூன் போட்டிருந்தா நான் கேக்கவே மாட்டேன்யா. இது படி கணக்குல இருக்கு. எதுக்கு இம்புட்டுப் போட்டீங்க? எத்தனை தடவை போட்டீங்க?”

காளியப்பன் என் முகத்தைப் பார்த்தார். விட்டுவிடு என்று கேட்கிற பார்வை. இன்றைக்கு எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அன்றைக்கு, மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன். “சொல்லுய்யா” என்று குரலை உயர்த்தினேன்.

“அவனை ஏன் அதட்டுறீங்க?” என்றார் டீச்சர். வகுப்பில் பேசுகிற குரல். “நான்தான போடுறேன். காலையில எந்திரிச்ச உடனே போட்டுருவேன். இல்லேன்னா வண்டி ஒழுகும்.”

பிரான்சிஸ் திரும்பினார். “என்னம்மா சொல்றீங்க? யாரு உங்களைப் போடச் சொன்னது?”

“அப்பாதான்டா.”

“எப்ப சொன்னாங்க?”

“இன்னைக்குக் காலையிலகூடச் சொன்னாங்களே. நீ தூங்கிக்கிட்டு இருந்த.”

பையன்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். எனக்கு நழுவ இடமில்லை. மேஜையில் அந்தக் கிளாஸும் சிவந்த துணியும் இருந்தன. அவற்றை எடுத்து மறைக்கலாம் என்று கை போனது. எடுத்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று தோன்றி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தான் சொன்னதில் ஏதோ தவறு இருக்கிறது என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஊருக்கே பாடம் சொன்ன பெண், என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

காளியப்பன் வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“ஒரு வருசமா இப்படித்தான்ணே இருக்காங்க” என்றார். “சில நாளு என்னையவே யாருன்னு கேப்பாங்க. அடுப்ப நான்தான் போயி அமத்துவேன். மஞ்சத்தூளு டப்பாவ எடுத்து ஒளிச்சு வச்சேன். கடையில வாங்கிட்டு வந்துட்டாங்க. அப்பப்ப மெனக்கெட்டு ராத்திரியில தண்ணியத் தொறந்து விட்டு அலசுவேன். அம்புட்டும் போகாதுல்ல.”

“மகன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சார் ஊருக்குப் போறதுக்குள்ள, அவுகளத் தனியாக் கூப்பிட்டு, பக்குவமாச் சொல்லணும்னுதான் இருந்தேன். அவுகளும் பிள்ளைதான. இப்படி நாலு பேரு முன்னால…” என்று நிறுத்தினார். பிறகு சொன்னார்: “நீங்க என்னையத் தனியாக் கேட்டிருக்கலாம்லண்ணே.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் கேட்கலாம், தாய்க்கு இப்படி ஒரு நிலைமை இருப்பது மகனுக்குத் தெரியவேண்டியதுதானே என்று. தெரியவேண்டியதுதான். காளியப்பன் மறைத்ததும் முழுக்கச் சரி என்று நான் சொல்லமாட்டேன். அணைக்க மறந்த அடுப்பு எரிந்துகொண்டிருக்கிற வீடு அது. ஆனால் அந்தச் செய்தியை அந்த மகன் யார் வாயால், எங்கே வைத்துக் கேட்டிருக்கவேண்டும்? ஒர்க்‌ஷாப்பில், மெக்கானிக்குகள் சுற்றி நிற்க, என் கெட்டிக்காரத்தனத்துக்கு நடுவில் கேட்டார். அந்தத் தாயும் அங்கேயே இருந்து கேட்டார். முதல் நாள் நான் தப்பாகச் சொன்னதற்கு மன்னிப்பு உண்டு. மண்டையைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டேன், வண்டி நன்றாக ஓடியது. இரண்டாம் நாள் சரியாகச் சொன்னதைத்தான் எதைக் கொண்டும் திரும்பப் பூட்ட முடியவில்லை.

அந்த லீவு முடியும்போதே பிரான்சிஸ் தாயைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. வண்டியை விற்றார்கள். காளியப்பனுக்கு நான் இரண்டு இடத்தில் டிரைவர் வேலை சொன்னேன், ஆள் அனுப்பி. அவர் வரவில்லை. நேரில் போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. அதன் பிறகு நான் வேலை பார்த்த வருடங்களில், வண்டியோடு வருகிறவர்களை எதிர்ப்புறத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, உள்ளேதான் மெஷின் இருக்கிறதே என்பார். பையன்களுக்குக் காரணம் தெரியாது. வயசானால் வெளி டீ கேட்கும்போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

சால்வை போட்டார்களே, அதற்கு மறு வாரம் நான் நிலக்கோட்டைக்குப் போனேன். காளியப்பன் அங்கே பூ ஏற்றுகிற வேன் ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். காலையில் மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “அடடே, வாங்கண்ணே” என்றார். அவரே என் கையைப் பிடித்து டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தேன். கிளாஸ் பாதியாகும்போதுதான் வாய் வந்தது. “அன்னைக்கு நான் அப்படி…” என்று தொடங்கினேன். அதற்குள் அவர் போன் அடித்தது.

எடுத்துப் பேசினார். “சொல்லுங்க டீச்சரம்மா… பாத்துட்டேன்… பச்சையாத் தெளிவா இருக்கு… சொட்டு ஒழுகல… ஆமா, டயரும் பாத்துட்டேன்.” போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தினமும் காலையில போன் போடுவாங்கண்ணே. வண்டிக்குத் தண்ணி பாத்தியான்னு கேப்பாங்க. பாத்துட்டேன்னு சொன்னாத்தான் சாப்பிடப் போவாங்களாம். சாரே நம்பரப் போட்டுக் குடுத்துருவாரு.”

பிறகு போனில், “மெக்கானிக்குகிட்டயா? காட்டிட்டேன்மா. பக்கத்துலதான் இருக்காரு, நீங்களே கேளுங்க” என்று என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் நீட்டியபடியே இருந்தார்.

“டீச்சர், வணக்கம்” என்றேன்.

“ஒர்க்‌ஷாப் தம்பியா?”

“ஆமாங்க டீச்சர்.”

“வண்டி நல்லா இருக்கா?”

விற்றுவிட்ட வண்டி. “நல்லா இருக்கு டீச்சர்.”

“காளியப்பன் பக்கத்துல இருக்கானா?”

“இருக்காரு.”

“நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க.”

எழுந்து, மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாகப் போனேன். “சொல்லுங்க டீச்சர்.”

குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவனைத் திட்டாதீங்க தம்பி. அந்த மஞ்சப்பொடியப் போட்டது நான்தான். அவன் போடல. இத அவன்கிட்ட சொல்லிராதீங்க, சங்கடப்படுவான்.”

“சொல்லமாட்டேன் டீச்சர்” என்றேன்.

அங்கே போன் வைக்கப்பட்டுவிட்டது. நான் திரும்பி வந்து போனைக் கொடுத்தேன்.

“என்னண்ணே சொன்னாங்க?” என்றார் காளியப்பன்.

“வண்டி எப்படி இருக்குன்னு கேட்டாங்கப்பா” என்றேன்.